பாலும் கம்பியும்

பிப்ரவரி பிறந்ததும் எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மெயில் வரும். மகளிர் தினத்துக்கு எல்லோரும் ஊதா நிறத்தில் உடுத்தி வரவும், மதியம் மூன்று மணிக்கு ஆடிட்டோரியத்தில் ஒரு பெண் தலைவரின் உரை, பிறகு கேக். பதினெட்டு வருஷமாக வெவ்வேறு கம்பெனிகளில் இந்த மெயிலை வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம் ஒரு வித்தியாசம். பேசப்போவது நான்.

"இருபது நிமிஷம் போதும் மேடம். உங்க ஜர்னி பத்தி சொல்லுங்க. வீட்டையும் ஆபீஸையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்கன்னு கொஞ்சம் டச் பண்ணிடுங்க. கேக்கறவங்களுக்கு இன்ஸ்பைரிங்கா இருக்கணும்" என்றாள் எச்.ஆர். பெண். நல்ல பெண். அவளுக்கும் மேலிருந்து வந்த டெம்ப்ளேட்தான் அது.

சரி என்று சொல்லிவிட்டு சீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் கேட்ட உரைகளில் எது ஞாபகம் இருக்கிறது? ஒரு பேச்சாளர் கட்டியிருந்த இளம்பச்சைப் புடவை ஞாபகம் இருந்தது. இன்னொருவர் காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவார் என்பது ஞாபகம் இருந்தது. அவர் என்ன வேலை செய்தார் என்பது ஞாபகம் இல்லை. கை தட்டியிருக்கிறேன், சில சமயம் கண்ணும் கலங்கியிருக்கிறது. ஆனால் மறுநாள் காலை வேலைக்கு உட்கார்ந்தபோது அதில் எதுவும் கூட வரவில்லை.

ஆகவே பழைய கணினிகள் பற்றிய என் வழக்கமான குறிப்புகளை இந்த மாதம் ஓரமாக வைத்துவிட்டு, பெண் தலைவர்கள் பேசிய மூன்று மேடைகளைத் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். கையில் பேனாவோடு. எது ஒட்டியது, எது ஒட்டவில்லை, ஏன் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதல் உரை உங்களில் பாதிப் பேருக்கு வாட்ஸப்பில் வந்திருக்கும். 2014 கோடையில் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நடந்த கருத்துத் திருவிழாவில் இந்திரா நூயி பேசியது. சென்னையில் பிறந்து, மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியில் படித்து, 2006இல் பெப்சிகோவின் சி.இ.ஓ. ஆனவர். அவரைப் பேட்டி கண்டவர் கேட்டது, பெண்களுக்கு எல்லாமும் கிடைக்குமா என்ற கேள்வியை. அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பால் கதை வந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கம்பெனியின் பிரெசிடென்ட் ஆகப்போகிறோம் என்ற செய்தியோடு ஒரு நாள் ராத்திரி பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வருகிறார். மாடிப்படியில் அம்மா நிற்கிறார். நல்ல செய்தி இருக்கிறது என்கிறார் மகள். அது இருக்கட்டும், முதலில் போய்ப் பால் வாங்கி வா என்கிறார் அம்மா. கணவர் எட்டு மணிக்கே வந்துவிட்டாரே, அவரிடம் சொல்லக் கூடாதா? அவர் களைப்பாக இருக்கிறார். மகள் போய்ப் பால் வாங்கி வந்து மேடையில் டொம்மென்று வைக்கிறார். நீ வெளியே எந்தப் பதவியிலும் இரு, வீட்டுக்குள் வந்தால் மனைவி, மகள், மருமகள், அம்மா. கிரீடத்தைக் கார் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வா என்கிறார் அம்மா. கதை அவ்வளவுதான்.

நூயி இதை அருமையாகச் சொல்கிறார், அதில் சந்தேகமே இல்லை. அம்மாவின் தோரணை, தன் எரிச்சல், எல்லாம் அப்படியே வருகிறது. அரங்கம் சிரிக்கிறது. ஆனால் கவனித்துக் கேட்டால், கதைக்குப் பிறகு அவர் சொல்வதுதான் சரக்கு. உடலின் கடிகாரமும் வேலையின் கடிகாரமும் ஒன்றோடொன்று நேரெதிராக மோதுகின்றன என்கிறார். பிள்ளை பெற வேண்டிய வயதும் வேலையில் மேலே ஏற வேண்டிய வயதும் ஒன்றாகவே வருகின்றன. பிள்ளைகள் பதின்ம வயதுக்கு வந்து அம்மா தேவைப்படும்போது ஆபீஸில் பெரிய பொறுப்பு வருகிறது. அதே சமயம் பெற்றோருக்கும் வயதாகிறது. இதைச் சமாளிக்க ஆபீஸில் ஒரு ஏற்பாடே செய்து வைத்திருந்தாராம். மகள் போன் செய்து வீடியோ கேம் விளையாடலாமா என்று கேட்டால், ரிசப்ஷனில் இருப்பவர் ஒரு பட்டியலைப் பார்த்து, ஹோம்வொர்க் முடித்தாயா என்று வரிசையாகக் கேட்டு, பிறகு அரை மணி நேரம் அனுமதி கொடுப்பாராம்.

இது எவ்வளவு முக்கியமான தகவல், பாருங்கள்! ஒரு சி.இ.ஓ.வின் தாய்மைக்குப் பின்னால் ரிசப்ஷனிஸ்ட் உள்பட சம்பளம் வாங்கும் ஒரு குழு இருந்தது என்பதை அவரே மேடையில் ஒளிக்காமல் சொல்கிறார். 2021இல் வந்த அவருடைய சுயசரிதையும் சம்பளத்தோடு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு வசதி என்று இதே திசையில்தான் போகிறது. ஆனால் நம் ஊரில் சுற்றுவது பால் மட்டும். அதுவும் "எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் பெண் பெண்தான்" என்ற தலைப்போடு, கடைசியில் இரண்டு கும்பிடும் கைகளோடு.

எனக்கு அதை அனுப்பியது என் அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. கடுப்பில் உடனே போன் போட்டேன்.

"ஏம்மா, நானும் கிரீடத்தைக் கழட்டி வெச்சிட்டுத்தான் வரணும்னு சொல்றியா?"

"அடப்போடி. நான் அதுக்கா அனுப்பினேன்? நல்ல சேதின்னு ஒரு பொண்ணு ஓடி வருது. உக்கார வெச்சு என்னன்னு கேட்டுட்டு அப்புறம் பாலுக்கு அனுப்பியிருக்கலாமில்ல? அந்த அம்மா கேக்கவே இல்ல பாரு. எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு."

உண்மையைச் சொன்னால், அந்த வீடியோவை நாலு தடவை பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. இத்தனைக்கும் இதே அம்மாதான், மகள்கள் சிறுமிகளாக இருந்தபோது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் 'நீ பிரதமரானால் என்ன செய்வாய்' என்று பேச வைத்து, யாருக்கு ஓட்டு என்று தீர்ப்பும் சொன்னவர். நூயி பல பேட்டிகளில் சொன்ன விஷயம் இது. அந்தச் சாப்பாட்டு மேசைக் கதையை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்ததில்லை.

இங்கே தப்பு பேச்சாளருடையதா, கேள்வி கேட்டவருடையதா, அனுப்பியவர்களுடையதா? கேள்வியில் ஆரம்பிக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதை வெளியிலிருந்து சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் நானே இப்படி ஒரு மேடையில் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர் ஐம்பத்தைந்து வயதான ஒரு பெண் பொறியாளர். நான் கேட்ட முதல் கேள்வி, "மேடம், ரெண்டு குழந்தைங்களையும் வெச்சுக்கிட்டு எப்படி சமாளிச்சீங்க?" இரண்டாவது, "உங்க வீட்டுக்காரரோட சப்போர்ட்?" அவர் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார், கைதட்டல், பூங்கொத்து. பிறகு டீ குடிக்கும்போது, ஒரு வங்கியின் கணக்குகள் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் பழைய கணினியிலிருந்து புதியதுக்கு மாற்றிய கதையைச் சொன்னார். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை உதைத்தது, பிறகு ஒரு நெடுவரிசையில் பைசா உருண்டை எண்ணாக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காகிதக் கோப்பையை மேசையில் வைத்துக் கோடு போட்டுக் காட்டினார். அந்தப் பத்து நிமிஷத்தில் கற்றதை இன்றுவரை என் வேலையில் பயன்படுத்துகிறேன். அரங்கில் இருந்த இருநூறு பேருக்கு அது கிடைக்கவில்லை, என் கேள்வியால்.

இரண்டாவது மேடைக்கு வருகிறேன். 2014 அக்டோபர், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம், கிரேஸ் ஹாப்பர் கொண்டாட்டம் என்ற மாநாடு. கணினித் துறைப் பெண்களுக்காக அனிதா போர்க், டெல் விட்னி என்ற இரு பெண்கள் 1994இல் தொடங்கியது. அந்த வருஷம் சுமார் 8,000 பேர் வந்திருந்தார்கள். மேடையில் மைக்ரோசாஃப்ட் சி.இ.ஓ. சத்யா நாதெல்லா. கேள்வி கேட்டவர் மரியா கிளாவே. ஹார்வி மட் கல்லூரியின் தலைவர், கணினி விஞ்ஞானி, மைக்ரோசாஃப்ட் இயக்குநர் குழு உறுப்பினரும்கூட. சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கேட்பதைவிட, அமைப்பு சரியான உயர்வைத் தரும் என்று நம்புங்கள், கேட்காமலிருப்பது நல்ல கர்மா என்கிற மாதிரி நாதெல்லா பதில் சொன்னார். செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றே, தான் சொன்னது முழுக்கத் தவறு என்று அவர் ஊழியர்களுக்கு எழுதினார்.

எல்லோரும் நாதெல்லாவைப் பிடித்துக்கொண்டதில் கிளாவே அடுத்துச் சொன்னது கவனம் பெறவில்லை. உங்களோடு நான் ஒத்துப்போகாத சில விஷயங்களில் இது ஒன்று என்று மேடையிலேயே சொன்னார். அரங்கம் கை தட்டியது. பிறகு தன் கதை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் டீன் வேலை கிடைத்தபோது, நீங்கள் சரியென்று நினைப்பதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அதனால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 50,000 டாலர் குறைவாக வாங்கியிருப்பேன் என்றார். இதே தப்பை அடுத்த வேலையிலும் செய்தேன் என்றார். பிறகு இரண்டே அறிவுரை: உங்கள் வேலைக்கு நியாயமான சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், நம்பிக்கையான ஒருவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டுப் பழகுங்கள்.

முழுப் பேட்டியும் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். பெரும்பகுதி உபசாரம்தான். ஆனால் இந்தச் சில நிமிஷங்களில் ஒரு பெண் தலைவர் தன் வெற்றியைச் சொல்லாமல் தன் நஷ்டத்தை, அதுவும் ஒரு எண்ணோடு, சொன்னார். எண் முக்கியம். 'எனக்கும் பாரபட்சம் நடந்தது' என்பதைக் கேட்டு உச்சுக்கொட்டலாம். 50,000 என்று கேட்டால் உடனே நம்முடைய எண் என்ன என்று கை கால்குலேட்டருக்குப் போகும்.

எனக்குப் போனது. அந்த வீடியோவை நான் பார்த்தது ஒரு வருஷம் கழித்து. என்னோடு ஒரே நாளில் ஒரே பொறுப்பில் சேர்ந்த நண்பனிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். அவன் சொன்ன எண் என்னுடையதைவிட வருஷத்துக்கு நாலு லட்சம் அதிகம். அவன்தான் எனக்கு மேனேஜர் வேஷம் போட்டு, அசோக் பில்லரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஆபீஸ் பஸ்ஸில் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தான். இரண்டு லட்சம் கிடைத்தது. மீதி இரண்டு லட்சத்துக்கு "அடுத்த சைக்கிள்ல பாக்கலாம்" கிடைத்தது. அந்தக் கம்பெனியை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன.

மூன்றாவது உரைக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அந்த மாநாட்டின் பெயருக்குச் சொந்தக்காரர், கிரேஸ் ஹாப்பர். 1906இல் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். வயது அதிகம், எடை குறைவு என்று தயங்கிய அமெரிக்கக் கடற்படையில் விலக்கு வாங்கி 1943இல் சேர்ந்தார். மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர். 1952இல் ஏ-0 என்ற ஆரம்பகாலக் கம்பைலரை உருவாக்கினார். கோபால் மொழி அவருடைய வேலையிலிருந்து கிளைத்தது. 1982 ஆகஸ்டில், 75 வயதில், கேப்டன் ஹாப்பராக, அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் ஊழியர்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். பழைய ஆம்பெக்ஸ் நாடாவில் கிடந்த அதைப் போட்டுப் பார்க்க அந்த முகமையிடமே கருவி இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் உதவியோடு 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டார்கள். 42 வருஷம்! ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் தன் நாடாவையே கேட்க முடியாமல் இருந்திருக்கிறது.

தலைப்பிலேயே தரவு, வன்பொருள், மென்பொருள், மனிதர்கள் என்றுதான் இருக்கிறது. சுமார் ஒன்றரை மணி நேரம். பெண்ணாக இருந்து எப்படி ஜெயித்தேன் என்ற பேச்சு அல்ல. ஒரு ரசாயன ஆலையில் ஒரு வால்வு பற்றிய தகவலும், ஓர் ஊழியரின் ஓவர்டைம் பற்றிய தகவலும் ஒரே கணினிக்கு வருகின்றன, எது முதலில் போக வேண்டும் என்று கேட்கிறார். தகவலின் மதிப்பை யார் எப்படி நிர்ணயிப்பது என்று 1982இல் கேட்கிறார். நாங்கள் இன்னும் மெசேஜ் க்யூவில் முன்னுரிமை வைப்பது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று அவர் எப்போதும் சொல்லும் மாட்டுக் கதை: பெரிய மரத்தை ஒரு மாடு இழுக்க முடியாவிட்டால் பெரிய மாட்டை வளர்க்க மாட்டோம், இன்னொரு மாட்டைப் பூட்டுவோம். ஒரே பிரம்மாண்டக் கணினிக்குப் பதில் பல சிறு கணினிகள் என்ற வாதத்துக்கு அந்த உவமை. ஏர் பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அவருடைய கம்பிதான் எல்லாவற்றுக்கும் மேல். மேடைக்கு மேடை ஒரு கட்டுக் கம்பித் துண்டுகளை எடுத்துப் போவார். ஒவ்வொன்றும் 11.8 அங்குலம், ஏறக்குறைய 30 செ.மீ. மின்சாரம் ஒரு நானோ நொடியில் அதிகபட்சம் போகக்கூடிய தூரம். இதுதான் நானோ நொடி என்று கையில் கொடுத்துவிடுவார். பிறகு ஒரு பெரிய சுருளைத் தூக்கிக் காட்டுவார்: மைக்ரோ நொடி, 984 அடி. நிரல் எழுதும் ஒவ்வொருவரும் எதை வீணாக்குகிறோம் என்று தெரிய இதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பார். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு அட்மிரல் கேட்டால், இங்கிருந்து அங்கே ஏகப்பட்ட நானோ நொடிகள் இருக்கின்றன என்று காட்டுங்கள் என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. கம்பித் துண்டுகளை வரிசையாக அடுக்கினால் மேலே போகவே சுமார் 12 கோடி துண்டுகள்.

ஹாப்பரின் இந்த உத்தியை நான் ஏற்கெனவே திருடிவிட்டேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சென்னையில் ஓடும் நிரலிலிருந்து மும்பையில் இருக்கும் டேட்டாபேஸை ஒரு லூப்புக்குள் 500 தடவை கூப்பிட்டிருந்தாள். "லோக்கல்ல நல்லா ஓடுச்சுக்கா" என்றாள். பழைய லேன் கேபிளை உரித்து ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தேன். ஃபைபருக்குள் ஒளி இன்னும் மெதுவாகத்தான் போகும், நொடிக்கு இரண்டு லட்சம் கி.மீ. மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. போய்வர பத்து மில்லி நொடி. ஐந்நூறால் பெருக்கு. அஞ்சு நொடி என்று அவளே சொன்னாள், சொல்லிவிட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அது அவள் மானிட்டரில் ஒட்டியிருக்கிறது. பெண் தலைவர் ஒருவரிடமிருந்து உத்வேகம் பெறுவது என்றால் எனக்கு இதுதான்.

ஹாப்பரிடமும் குறை உண்டு. ஒரே கதைகளைப் பல வருஷம் மேடை மேடையாகச் சொன்னவர். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் சலிப்பு வரும். அவர் பேச்சைக் கேட்டு எனக்கு அந்த நாலு லட்சம் தெரிந்திருக்காது. அதற்குக் கிளாவே தேவைப்பட்டார். வேலையை மட்டும் பேசு, பெண் என்பதைப் பேசாதே என்பது என் வாதமில்லை. பெண்ணாக இருப்பதைப் பற்றிப் பேசினாலும் கேட்பவர் கையில் ஒரு அளவைக் கொடு என்பதுதான்.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. நண்பர் ஒருவர் சொன்னார்: "உரை எப்படி இருந்தா என்ன, மேடையில ஒரு பெண் இருக்கிறதே போதும்." அதை ஒதுக்க முடியாது. 1987இல் ஆஸ்டினில் நடந்த இயங்குதள ஆய்வு மாநாட்டில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அனிதா போர்க் அவர்களைச் சேர்த்துச் சாப்பிடப் போனார். அந்தப் பேச்சிலிருந்து ஒரு மின்னஞ்சல் குழுவும், ஏழு வருஷம் கழித்து அந்தப் பெரிய மாநாடும் வந்தன. சேர்ந்து உட்கார்ந்ததே பலன் தந்திருக்கிறது. ஆனால் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது இயங்குதளம் பற்றிய மாநாட்டில், அதில் வேலை செய்பவர்களாக.

2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்ற பார்பரா லிஸ்கோவ் தன் உரைகளில் சொல்வது இங்கே ஞாபகம் வருகிறது. விருது அறிவிப்பு வந்ததும் இணையத்தில் ஒருவர் கேட்டாராம், இவருக்கு எதற்கு விருது, இதெல்லாம்தான் எல்லோருக்கும் தெரியுமே என்று. எல்லோருக்கும் தெரிந்திருப்பதே அவருடைய வேலையால்தான். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்கு, தரவு அருவமாக்கத்துக்குப் போய்விடுகிறார்.

எச்.ஆர். பெண்ணுக்குப் பதில் எழுதிவிட்டேன். இருபது நிமிஷத்தில் மூன்று விஷயம் பேசுவேன். போன வருஷம் நாங்கள் ஒரு சர்வரை வேகப்படுத்திய கதை, அதில் நான் செய்த இரண்டு தப்புகள், பிறகு பழைய கம்பெனியில் என் சம்பளத்துக்கும் நண்பன் சம்பளத்துக்கும் இருந்த வித்தியாசம், எண்ணோடு. வருகிறவர்கள் 150 பேர் என்றாள், ஆகவே 45 மீட்டர் கம்பி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவிட்டேன். "வீட்டுக்கு வயரிங்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லைங்க, வெட்டிக் கொடுக்க என்றேன். முப்பது செ.மீ. அளவில் 150 துண்டு என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கம்பிக்கு எச்.ஆரிலிருந்து அனுமதி வந்துவிட்டது, செலவை ரிட்டர்ன் கிஃப்ட் கணக்கில் எழுதிக்கொள்கிறார்களாம். சம்பள எண்ணுக்கு "மேலே கேட்டுட்டு சொல்றேன் மேடம்" என்று வந்திருக்கிறது. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.